ஐந்து நிமிடத்தை யார் சொல்லித் தருவது?

ஷாம்பு தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குள் தானாக வந்துவிடவில்லை. 1980-களில் கடலூரிலிருந்து கிளம்பிய சிக் ஷாம்புக்காரர்கள், ஷாம்புப் பழக்கமே இல்லாத ஊர்களாகப் பார்த்துப் போனார்கள். ஒரு பையனை முன்னால் நிறுத்தி, ஊரார் பார்க்க அவன் தலையைக் கழுவிக் காட்டினார்கள். கூடியிருந்தவர்களை அந்த முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். முகர்ந்து பார்க்கவும் சொன்னார்கள். அதற்கும் மேலே, ரஜினிகாந்த் படங்களைத் திரையிட்டு, நடுநடுவே விளம்பரத்தை ஓட்டி, பாக்கெட்டுகளை இலவசமாக நீட்டினார்கள். சிக் நிறுவனர் சி.கே.ரங்கநாதனே பேட்டியில் சொல்லியிருக்கும் கதை இது. ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று முதலில் யோசித்தவர்களில் ஒருவர் அவருடைய தந்தை சின்னிகிருஷ்ணன். 1983-ல் 15,000 ரூபாய் முதலோடு மகன் தொடங்கிய நிறுவனம்தான் பிறகு கெவின்கேர் ஆனது. பாக்கெட்டைக் கிழிப்பது, தலையில் தேய்ப்பது, நுரை வந்ததும் அலசுவது என்று ஒரு தலைமுறைக்கே பாடம் எடுத்துவிட்டுப் போனார்கள். பாடம் நன்றாகவே மனதில் நின்றது. இன்றைக்குச் சிக்கலே அதுதான்.

பொடுகுக்கான மருந்து ஷாம்பு அந்த வழியில் வரவில்லை. முதலில் டாக்டர் சீட்டில் வந்தது. பிறகு சீட்டு இல்லாமலும் வந்தது. அதைத் தலையில் போட்டுக் காட்ட யாரும் வரவில்லை. புதுக்கோட்டை பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள மருந்துக் கடைகளில் மாலை நேரக் கூட்டத்தில் நடப்பது சுமாராக இவ்வளவுதான்:

“அண்ணே, பொடுகுக்கு ஒரு ஷாம்பு குடுங்க.”

“பெருசா, சின்னதா தம்பி?”

“சின்னதே போதும்ணே.”

முடிந்தது. பாட்டில் கவருக்குள் போகிறது, சில்லறை கைமாறுகிறது. பக்கத்தில் நிற்பவர் வாங்கும் காய்ச்சல் மாத்திரைக்குக்கூடக் கடைக்காரர் பேனாவை எடுத்து, கவர்மேல் காலை ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு என்று எழுதித் தருகிறார். ஷாம்புவுக்கு அந்த மரியாதை கிடையாது. ஷாம்பு போடத் தெரியாதவர் யார்?

வீட்டுக்குப் போன தம்பி மறுநாள் காலையில் பத்துச் சொட்டை உள்ளங்கையில் ஊற்றி, முடியில் தேய்த்து, நுரை வந்ததும் இரண்டு சொம்பு தண்ணீரை ஊற்றி அலசிவிடுகிறார். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம். தினமும் போட்டால் சீக்கிரம் போகும் என்று நினைத்து மூன்று நாள் தொடர்ந்து போடுகிறார், முடி வைக்கோலாகிறது, நிறுத்திவிடுகிறார். பத்து நாளில் சட்டைத் தோளில் மறுபடியும் வெள்ளைத் தூள். “அந்த ஷாம்பு வேலைக்காகாது மாப்ள” என்று நண்பரிடம் சொல்கிறார். நண்பர் வேறொரு பாட்டிலின் பெயரைச் சொல்கிறார்.

கடை விற்கும் சரக்கில் குறை இல்லை. கீட்டோகோனசோல் இரண்டு சதவீத ஷாம்பு, முறைப்படி போட்டால் பெரும்பாலான பொடுகை அடக்கக்கூடிய, பல ஆண்டுகளாகப் பரிசோதிக்கப்பட்ட மருந்து. அதற்குரிய முறையைச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு மட்டும் மருந்துக் கம்பெனி, கடை, ஆஸ்பத்திரி, அரசாங்கம் என்று யார் தலையிலும் விழாமல் நழுவிக்கொண்டிருக்கிறது. சாதாரண ஷாம்புவுக்கு ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்திய நாட்டில், மருந்து ஷாம்புவுக்கு ‘ஐந்து நிமிடம் விட்டு அலசு’ என்று ஒரு வாக்கியம் சொல்ல ஆளில்லை.

அந்த ஒரு வாக்கியம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பொடுகு அழுக்கு இல்லை. தலையைச் சரியாகக் கழுவாததால் வருவதும் இல்லை. 1874-ல் லூயி சார்லஸ் மலசே என்ற பிரெஞ்சு மருத்துவ அறிஞர் தோலின் செதில்களில் ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஒன்று இருப்பதைக் கண்டு எழுதினார். அவர் பெயராலேயே அது இன்றைக்கு மலசீசியா எனப்படுகிறது. இது வெளியிலிருந்து தொற்றுவதில்லை. பொடுகு இருப்பவர், இல்லாதவர் எல்லார் தலையிலும் குடியிருப்பதுதான். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. எண்ணெயை உடைத்து, தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களை எடுத்துக்கொண்டு, வேண்டாதவற்றை விட்டுவிடுகிறது. விட்டுப்போகும் ஒலியிக் அமிலம் சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. தோல் எரிச்சலடைந்து, வழக்கத்தைவிட வேகமாகச் செல்களை உற்பத்தி செய்து, முதிராத செல்களைக் கொத்துக் கொத்தாக உதிர்க்கிறது. தோளில் விழுவது அதுதான்.

ஒரே வீட்டில், ஒரே சீப்பை வைத்துத் தலைவாரும் அண்ணன் தம்பிகளில் ஒருவருக்கு மட்டும் பொடுகு வருவதன் காரணமும் இதிலேயே இருக்கிறது. ஒலியிக் அமிலத்தைத் தலையில் தடவிப் பார்த்த ஆய்வில், பொடுகுவாகு உள்ளவர்களுக்குச் செதில் கிளம்பியது. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே, “அவ சீப்பத் தனியா வை” என்று பொடுகுள்ள மருமகளை ஒதுக்கும் வீடுகள் அந்த வேலையை விட்டுவிடலாம். பேனும் படர்தாமரையும் சீப்பில் தொற்றும்; பொடுகு தொற்றாது. உலகத்தில் பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்க்கையில் ஏதோ ஒரு காலத்தில் இது வருகிறது. பருவ வயதில் எண்ணெய்ச் சுரப்பிகள் விழித்துக்கொள்ளும்போது தொடங்கி, இருபதுகளில் உச்சத்துக்குப் போய், ஐம்பதுக்குமேல் தணிகிறது. ஆண்களுக்குக் கொஞ்சம் அதிகம்.

எண்ணெய்தான் சாப்பாடு என்றதும் தமிழ் வீடுகளில் சங்கடம் தொடங்குகிறது. தலை அரித்தால் இங்கே முதல் வைத்தியம் எண்ணெய். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னை சூழ்ந்த வீடுகளில் கேட்கவே வேண்டாம். எண்ணெய் வைத்ததும் செதில் ஊறிப் படிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது, அரிப்பும் அன்றைக்கு அடங்கும். அதனால் குணமானதுபோலத் தோன்றும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் மலசீசியாவை வளர்க்க வேண்டுமானால், தட்டில் ஆலிவ் எண்ணெயை ஊற்றித்தான் வளர்ப்பார்கள். கொழுப்பு இல்லாமல் அது பிழைக்காது. பொடுகு நிறைந்த தலையில் ராத்திரி முழுக்க எண்ணெயை ஊறவிட்டு, மறுநாளும் கழுவாமல் ஜடை பின்னிப் பூ வைத்து அனுப்புவது அதற்கு விருந்து வைப்பதுதான். கெட்டியாகப் படிந்த செதிலை இளக்குவதற்காகக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுவதில் தவறில்லை. பிறகு அதை முழுவதும் கழுவி எடுத்துவிட வேண்டும்.

எலுமிச்சைச் சாறு இன்னொரு சங்கதி. புதுக்கோட்டை வெயிலில் எலுமிச்சைச் சாற்றைத் தலையிலும் நெற்றி ஓரத்திலும் தேய்த்துக்கொண்டு வெளியே போவது ஆபத்து. அந்தச் சாற்றிலுள்ள சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுவிடும். கொப்புளம் வந்து, ஆறியபின் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வெந்தயம், தயிர் அரைத்துப் போடுகிறவர்களுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை, குளிர்ச்சியாக இருக்கும். பூஞ்சையை அடக்கும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. போர்வெல் உப்புத் தண்ணீர்மேல் பழிபோடுகிறவர்களும் மாவட்டம் முழுக்க உண்டு. கடினநீரில் சோப்பு சரியாக நுரைக்காமல் பிசுக்காகத் தலையில் தங்குவதும், அது காய்ந்து செதில்போலத் தெரிவதும் உண்மைதான். பொடுகுக்கு மூலகாரணம் அது இல்லை.

இனி அந்த ஐந்து நிமிடம். பூஞ்சையின் செல்லைச் சுற்றியுள்ள சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற பொருள் தேவை. அதைத் தயாரிக்கவிடாமல் தடுப்பதுதான் கீட்டோகோனசோலின் வேலை. மருந்து தலைத்தோலில் பட்டு, தங்கி, ஊற வேண்டும். நுரை என்பது மருந்தைப் பரப்பும் வாகனம் மட்டும். நுரை வந்துவிட்டது என்பதால் வேலை முடிந்துவிடவில்லை, அப்போதுதான் தொடங்குகிறது. மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் அப்படியே விட வேண்டும். இதைக் கடிகாரம் பார்த்துச் செய்ய யாராலும் முடியாது. அலைபேசியில் பழைய இளையராஜா பாட்டு ஒன்றை ஓடவிட்டு, அது முழுக்க முடிந்தபிறகு அலசினால் கணக்குச் சரியாக இருக்கும். குளியலறைக்குள் போனதும் முதல் வேலையாகத் தலையில் ஷாம்புவைப் போட்டுக்கொண்டு, அது ஊறும் நேரத்தில் உடம்புக்குச் சோப்புப் போட்டுவிட்டால் நேரமும் வீணில்லை, தண்ணீரும் வீணில்லை. ஒரு குடம் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊர்களில் இதுவும் யோசிக்க வேண்டிய விஷயம்.

போடும் இடமும் முக்கியம். நீள முடிக்காரர்கள் செய்யும் தவறு, மருந்தை முடியின் நீளத்துக்குத் தேய்ப்பது. நோய் தோலில் இருக்கிறது, முடியில் இல்லை. முடியை நனைத்து, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சாதாரண ஷாம்புவால் ஒருமுறை அலசிவிட்டு, வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் தோலில் படும்படி தடவ வேண்டும். நகத்தால் சுரண்டக் கூடாது. புருவத்திலும் காதின் பின்புறத்திலும் மூக்கோரத்திலும் செதில் இருந்தால், வழியும் நுரையை அங்கேயும் லேசாகத் தொட்டுவிடலாம்; கண்ணை மட்டும் மூடிக்கொள்ள வேண்டும். கண்ணில் பட்டால் தண்ணீரை ஊற்றிக் கழுவினால் போதும்.

வாரம் இரண்டு முறை, இரண்டிலிருந்து நான்கு வாரம். அப்புறம் நிறுத்திவிடாமல், வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ. இந்த அட்டவணையைப் பார்த்தால் தமிழர்களுக்குச் சிரிப்பு வர வேண்டும். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி; ஆண்களுக்குப் புதன், சனி என்று தலைமுழுக்குக்கு நாள் குறித்து வைத்திருக்கும் வீடுகளுக்கு, வாரம் இரண்டு முறை, இடையில் மூன்று நாள் இடைவெளி என்பதைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதே இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தின் இடத்தில் மருந்துப் பாட்டில் வந்தால் போதும். “வாரம் இருமுறை” என்று அச்சடிப்பதைவிட “செவ்வாயும் வெள்ளியும்” என்று ஒரு செவிலியர் சொன்னால், அறந்தாங்கியிலும் பொன்னமராவதியிலும் அது ஒரே தடவையில் மனதில் ஏறிவிடும்.

நிறுத்திவிட்டால் பொடுகு திரும்பிவரும் என்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும். பூஞ்சை அங்கேயே குடியிருப்பதால், முற்றாக ஒழிக்கும் வைத்தியம் எதுவும் கிடையாது. அடக்கி வைக்கலாம், அவ்வளவுதான். சர்க்கரை நோய்க்கு ஒப்புக்கொள்ளும் இந்த உண்மையைப் பொடுகுக்கு ஒப்புக்கொள்ள மக்களுக்கு மனமில்லை. “நிரந்தரத் தீர்வு” என்று சுவர் விளம்பரம் எழுதுகிறவர்களின் பிழைப்பு அந்த மனமில்லாமையில்தான் ஓடுகிறது.

பயமுறுத்தல்களும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கீட்டோகோனசோல் ஈரலைக் கெடுக்கும், ஐரோப்பாவில் தடை என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அடிக்கடி வலம்வருகிறது. அதில் பாதி உண்மை. 2013 ஜூலையில் ஐரோப்பிய மருந்து முகமை, பூஞ்சைத் தொற்றுக்கு வாய்வழியாகச் சாப்பிடும் கீட்டோகோனசோல் மாத்திரையை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. அமெரிக்காவும் அதே சமயத்தில் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. காரணம் ஈரல் பாதிப்புதான். ஆனால் அது மாத்திரை. தலையில் போட்டு ஐந்து நிமிடத்தில் கழுவும் ஷாம்புவிலிருந்து ரத்தத்தில் கண்டுபிடிக்கும் அளவுக்கு மருந்து கலப்பதில்லை. செய்தியை அனுப்புகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.

இன்னொரு தடையும் உண்டு. மளிகைக் கடையில் கிடைக்கும் பொடுகு ஷாம்புகள் பலவற்றில் உள்ள துத்தநாகப் பைரிதியோனை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் 1 முதல் அழகுசாதனங்களில் தடைசெய்துவிட்டது. இனப்பெருக்கத்துக்கு நச்சாகக்கூடிய பொருள் என்ற வகையில் அது சேர்க்கப்பட்டதால், மாற்றுப் பொருள் இல்லை என்று நிரூபித்தால்தான் அங்கே சட்டப்படி விலக்குக் கிடைக்கும்; ஆனால் மாற்றுகள் இருந்தன. கழுவிவிடும் ஷாம்புவில் ஒரு சதவீதம்வரை அது பாதுகாப்பானதே என்றுதான் அவர்களுடைய அறிவியல் குழு கருதியிருந்தது. இந்தியாவில் அது தொடர்ந்து விற்கப்படுகிறது. லேசான பொடுகுக்கு அதுவே போதும். பாட்டிலை வீசியெறியத் தேவையில்லை. செலினியம் சல்பைடு கலந்த ஷாம்பு வாங்குகிறவர்கள் மட்டும் ஒரு காரியம் செய்ய வேண்டும்: தோடு, மூக்குத்தி, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்க வேண்டும். அது நகையைக் கறுக்கடிக்கும்; சாயம் பூசிய முடியின் நிறத்தையும் மாற்றும். லேபிளில் இது இருக்கிறது. எந்தக் கடையிலாவது வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதுண்டா?

உண்மையான ஆபத்து பக்கத்து அலமாரியில் இருக்கிறது. அரிப்பு தாங்கவில்லை என்று கேட்டால், ஷாம்புவோடு ஒரு சின்ன ட்யூப் களிம்போ லோஷனோ கூடவே வருவதுண்டு. ஸ்டீராய்டு கலந்த சரக்கு. இரண்டு நாளில் அரிப்பு பறந்துவிடும். ஆகவே கடைக்காரருக்கு நல்ல பெயர். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் திரும்பும்; விடாமல் தடவினால் தோல் மெலியும், முகத்தில் பருவும் சிவப்பும் கிளம்பும். தோல் மருத்துவர்கள் சங்கம் பல ஆண்டுகள் போராடியபிறகுதான், 2018-ல் 14 ஸ்டீராய்டு களிம்புகள் டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலுக்குள் வந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு தடைசெய்த 328 கூட்டு மருந்துகளில், ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாட்டிக் மூன்றையும் ஒன்றாகக் குழைத்த களிம்புகளும் இருந்தன.

அந்தக் களிம்புகள் போட்டுவிட்டுப் போன கோலம் இன்னும் அழியவில்லை. படர்தாமரை இன்றைக்கு இந்தியாவில் எளிதில் அடங்காத நோயாகிவிட்டது. வழக்கமான மருந்துக்கு மசியாத ஒரு பூஞ்சை வகைக்கு, இந்தியாவின் பெயரையே ஒட்டி, ‘இண்டோட்டினியே’ என்று 2020-ல் ஆய்வாளர்கள் பெயர் சூட்டினார்கள். 2023-ல் நியூயார்க்கில் இருவருக்கு அது இருப்பதை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. பொடுகுப் பூஞ்சை வேறு, இது வேறு. ஆனால் கண்டபடி களிம்பு தடவும் பழக்கம் ஒன்றுதான். ஏற்கெனவே நீண்ட நாளாக ஸ்டீராய்டு லோஷன் போட்டுவருகிறவர் மருந்து ஷாம்புவுக்கு மாறும்போது, லோஷனைத் திடீரென்று நிறுத்தாமல் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இது டாக்டர் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

தலையில் உதிர்வதெல்லாம் பொடுகும் இல்லை. இதில் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு, பருவ வயது வருவதற்கு முன்னால், நிஜமான பொடுகு வருவது அரிது. அந்த வயதில் தலையில் வட்டமாகச் செதில் கிளம்பி, அந்த இடத்தில் முடி ஒடிந்து கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் தலைப் படர்தாமரை. அதற்கு ஷாம்பு மட்டும் போதாது. பூஞ்சை முடியின் வேருக்குள் இருப்பதால் வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். ஷாம்பு பரவலைக் குறைக்கும், அவ்வளவே. பள்ளியில் பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கும் அது தொற்றும். கைக்குழந்தையின் உச்சந்தலையில் மஞ்சளாகப் படியும் பொருக்கு தானாகவே போய்விடுவது. அதற்குப் பெரியவர்களின் மருந்து ஷாம்புவை டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

வெள்ளி நிறத்தில் தடிப்பாகப் பொருக்கு கட்டி, முடி எல்லையைத் தாண்டி நெற்றிக்கு வந்து, முழங்கையிலும் முட்டியிலும் அதே மாதிரி இருந்தால் சொரியாசிஸாக இருக்கலாம். ஹேர் டை போட்ட மறுநாளோ மூன்றாம் நாளோ தலை வீங்கி அரித்து நீர் கசிந்தால் அது டையின் ஒவ்வாமை. அதன்மேல் மருந்து ஷாம்பு போட்டால் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதுதான். கறுப்பு டையின் வியாபாரம் கிராமத்துப் பெட்டிக் கடைவரை வந்துவிட்டதால், இதைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எந்த மருந்து ஷாம்புவையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுவது நல்லது. நான்கு வாரம் முறையாகப் போட்டும் அடங்கவில்லை என்றால், புதுக்கோட்டையை அடுத்த முள்ளூரில் 2017-ல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. ஒரு சீட்டுப் போட்டு வரிசையில் நின்றால் செலவில்லாமல் பார்த்துவிடலாம். ஐந்தாவது பாட்டில் வாங்கும் காசு மிச்சம்.

இவ்வளவும் பாட்டிலில் எழுதியில்லையா? எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில், வளைந்த பாட்டிலின் முதுகில். பொதுவான பாக்கெட் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகள்கூட, விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும் என்கின்றன. மற்ற மொழிகளையும் கூடுதலாகச் சேர்க்கலாம் என்று அனுமதி மட்டும் தருகின்றன. ‘சேர்க்கலாம்’ என்பதை எந்தக் கம்பெனியும் ‘சேர்க்க வேண்டும்’ என்று படிக்காது. 2023 ஆகஸ்டிலிருந்து அதிகம் விற்கும் 300 மருந்துகளின் பெட்டியில் கியூஆர் குறியீடு கட்டாயமானது. அதை ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், தயாரித்த கம்பெனி, பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் வரும். போலி மருந்தைப் பிடிக்க அது உதவும், நல்லதுதான். எத்தனை நிமிடம் தலையில் விட வேண்டும் என்பதற்கு அதில் இடமில்லை.

புதுக்கோட்டைக்கு இந்த விஷயத்தில் கோபப்பட மற்ற மாவட்டங்களைவிட அதிக உரிமை உண்டு. 1991-ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கம் இங்கே பற்றிக்கொண்டது. வயல் வேலை பார்த்த பெண்கள், கல்குவாரியில் கல் உடைத்த பெண்கள், ராத்திரியில் விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். கூடவே சைக்கிளும் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்து நிறைந்ததைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். அன்றைக்கு இருபத்தைந்து வயதில் எழுத்துக் கூட்டியவருக்கு இன்று அறுபது நெருங்கும். பேருந்துப் பலகையையும் ரேஷன் கார்டையும் அவர்கள் படிக்கிறார்கள். பேரனுக்கு வாங்கும் மருந்தை மட்டும் படிக்க முடியாது. மாவட்டத்தையே படிக்க வைத்த பிறகும் படிக்கத் தமிழில் ஒன்றும் தராமல் இருப்பது என்ன நியாயம்? பேரன் ஆங்கில மீடியம்தானே, அவன் படிக்கட்டுமே என்றால், அவனுக்குப் பொறுமை இல்லை. இருந்தாலும் அந்த எழுத்து அளவுக்குக் கண் போதாது.

கடைக்காரர்களின் பதிலும் தெரிந்ததே: கூட்ட நேரத்தில் ஒவ்வொருவருக்கும் பாடம் நடத்த முடியாது. நியாயம்தான், ஆனால் முழு நியாயம் இல்லை. சீட்டோடு வருகிறவருக்கு மருந்தின் அளவு, போடும் முறை, எத்தனை நாள், பக்க விளைவு எல்லாவற்றையும் பார்மசிஸ்ட் தானாகவே முன்வந்து சொல்ல வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் பார்மசி தொழில் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. சீட்டில்லாமல் வருகிறவருக்கு எதையும் சொல்லத் தேவையில்லை என்பதுபோல நடைமுறை ஆகிவிட்டது. சொல்ல ஆளில்லாமல் வாங்கிப் போகிறவருக்குத்தான் அது அதிகம் தேவை.

2025 பிப்ரவரி 24-ல் தமிழ்நாடு முழுக்க ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. விலை குறைவு என்பதுதான் அவற்றுக்குச் சொல்லப்படும் பெருமை. அதோடு இன்னொன்றும் சேரலாம்: வெளிப்பூச்சு மருந்து எது விற்றாலும், அதைப் போடும் முறை தமிழில், பெரிய எழுத்தில், கவர்மேல். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, டெல்லிக்குக் கடிதம் எழுதத் தேவையில்லை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். அரசு மருந்தகம் தொடங்கினால் தனியார் கடைகளும் செய்யும். வாடிக்கையாளர் கேட்கத் தொடங்கிவிடுவார்.

கம்பெனி அச்சடிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். “தலைத்தோலில் தடவவும். 5 நிமிடம் விட்டு அலசவும். செவ்வாய், வெள்ளி. 4 வாரம். அடங்காவிட்டால் டாக்டரைப் பார்க்கவும்.” இது ஒரு ரப்பர் ஸ்டாம்புக்குள் அடங்கும். புதுக்கோட்டைக் கீழராஜவீதிப் பக்கம் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் செய்து தந்துவிடுவார்கள். ஆண்களுக்கு விற்கும்போது மட்டும் கடைக்காரர் பேனாவால் செவ்வாயை அடித்துப் புதன் என்றும், வெள்ளியை அடித்துச் சனி என்றும் எழுத வேண்டியிருக்கும்.